ஆறுகால் ரோபோவை நிறுத்தாதீர்கள்: ஒரு பொறியியல் கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

காரைக்குடி வட்டாரத்தில் உள்ள நம் பொறியியல் கல்லூரியின் தலைவர், அறங்காவலர்கள், முதல்வர் ஆகியோருக்கு,

மிதிவெடி தேடும் ஆறுகால் ரோபோவைச் செய்துவந்த மாணவர் குழுவைக் கலைத்துவிட்டீர்கள். பணிமனைக்குப் பின்னால் அவர்கள் அமைத்திருந்த சோதனைத் திடலை மட்டம் தட்டி வண்டி நிறுத்தும் இடமாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஜேசிபி வந்து ஒரு பக்கத்தை வழித்துவிட்டுப் போய்விட்டது. இறுதியாண்டுப் பிள்ளைகளிடம், உணவகத்தில் தட்டு எடுத்துச் செல்லும் ரோபோ போல விலை போகக்கூடிய ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சுற்றறிக்கையில் இதற்கெல்லாம் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: "இப்பகுதியின் தேவைக்குப் பொருந்தாத ஆய்வு."

அந்த ஒரு வரியை ஏற்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராணுவத்தின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பணிமனை ஆசிரியர் கேட்டுக்கொண்டதால், வெடி புதைத்த நிலம் எப்படி இருக்கும், அதில் மனிதன் எப்படி வேலை செய்கிறான் என்று அந்த மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்துபோய்க் கொண்டிருந்தேன். கல்லூரியிடம் நான் சம்பளம் வாங்கியதில்லை, இனிமேல் கேட்கப்போவதும் இல்லை.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு மேற்கு எல்லையில் படைகள் குவிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் எல்லையோர விளைநிலங்களில் கண்ணிவெடி புதைக்கப்பட்டது. 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெறும் முடிவு வந்தது. புதைத்ததைத் தோண்டி எடுக்கும் வேலை அதற்குப் பிறகும் நீண்டது. அந்த வேலையில் நான் இருந்தேன். எங்கள் கையில் வரைபடம் இருந்தது. ஆனால் காற்றில் மணல் நகர்ந்திருந்தது, மழையில் கரை சரிந்திருந்தது. வரைபடத்தில் இருக்கும் இடத்தில் வெடி இருக்காது. மண்டியிட்டு, குத்துக்கம்பியைச் சாய்வாகப் பிடித்து, விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்த்து முன்னேற வேண்டும். கம்பி எதிலாவது மெல்ல முட்டினால் கை நின்றுவிட வேண்டும். அது கல்லாகத்தான் இருக்கும், பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு காலையிலிருந்து வெயில் ஏறும்வரை வேலை செய்வது எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எம்-14 என்ற வெடி உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்பு முழுக்க பிளாஸ்டிக். அது செய்யப்பட்டதே மிதித்தவனின் பாதத்தை எடுப்பதற்காக. தேடி முடித்து ஓரம் குறித்த தடத்தில், எனக்கு முன்னால் நடந்து போன ஒருவனுக்கு அது நடந்தது. என்னைவிட வயதில் சின்னவன். அவனைத் தூக்கிக்கொண்டு அதே தடத்தில் நாங்கள் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது: முதலில் நடந்துபோக வேண்டியது ஏன் மனிதனாக இருக்க வேண்டும்? உங்கள் கல்லூரிப் பணிமனையில், எனக்கு முன்பின் தெரியாத இருபது வயதுப் பிள்ளைகள் அதே கேள்வியை வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தப் பகுதிக்குப் பொருந்துமா என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்டிக் கரையில் நின்றால் எதிரே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் இலங்கையின் வட மாகாணம். அங்கே கிளிநொச்சி மாவட்டத்தில் முகமாலை என்று ஓர் ஊர். பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். உலகத்திலேயே மிக நெருக்கமாக மிதிவெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று என்று அங்கே வேலை செய்யும் நிறுவனங்கள் சொல்கின்றன. போர் 2009-ல் முடிந்தது. மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் எல்லா மிதிவெடியையும் அகற்றியாக வேண்டும். அகற்றுகிறவர்களில் கணிசமானோர் பெண்கள், போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. முகக்கவசமும் கனத்த மார்க்கவசமும் போட்டுக்கொண்டு, இரும்புப் பல் வைத்த வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கிறார்கள். அவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். நம் சிவகங்கை மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொந்தக்காரர்கள்.

அந்த மாணவர் குழுவிலேயே அப்படிப்பட்ட முகாமில் பிறந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தாய்மாமா ஊர் திரும்பி, தன் தென்னந்தோப்புக்குள் போக முடியாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு 'மிதிவெடி' என்று எழுதியிருக்கிறதாம். "தேங்காய் விழுறது கண்ணுக்குத் தெரியுது ஐயா, எடுக்க முடியாது" என்றாள். அவளிடம் போய் இது இந்தப் பகுதிக்குப் பொருந்தாத ஆய்வு என்று உங்களில் யாராவது ஒருவர் நேரில் சொல்ல முடியுமா?

அடுத்தது பர்மா, இன்றைய மியான்மர். செட்டிநாட்டில் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது. நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நாடு அது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது, காட்டு வழியாக நடந்தே உயிர் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த நாட்டில் இன்று மிதிவெடி இல்லாத மாநிலமே இல்லை. மிதிவெடிகளாலும் போரில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 2023-ல் உலகம் முழுவதும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 5,757 பேர் என்று உலக மிதிவெடிக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. அதில் 1,003 பேர் மியான்மரில். அந்த ஆண்டு அதுதான் முதலிடம். கணக்கில் வந்தவர்கள் மட்டும்தான் இவ்வளவு. அந்த மண்ணில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, அந்த மக்களின் கால்களைப் பற்றி யோசிப்பது நமக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நான் நினைக்கவில்லை.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 2025-ல் பின்லாந்து, போலந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய நாடுகள் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. இந்தியா அதில் சேரவே இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் வெடி அகற்றும் குழுக்களுக்கு வேலை நின்றது. புதைப்பது கூடுகிறது, எடுப்பதற்குக் கொடுக்கிற பணம் குறைகிறது. மலிவான கருவிக்கான தேவை இதைவிட அதிகமாக எப்போது இருந்தது?

நீங்கள் வழிக்கச் சொன்ன திடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது என்னவென்று உங்களுக்கு யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது.

நம் மண் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்புராங்கல் வரும். அதில் இரும்பு அதிகம். இந்த மாதிரி மண்ணில் உலோகம் கண்டறியும் கருவி சும்மாவே கத்தும். கம்போடியாவிலும் ஆப்பிரிக்காவின் பல இடங்களிலும் வெடி அகற்றுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. பிளாஸ்டிக் வெடிக்குள் இருக்கும் இரும்பு ஒரு பேனாவின் சுருள்கம்பி அளவுகூடத் தேறாது. அந்தச் சின்னச் சத்தத்தை மண்ணின் சத்தத்திலிருந்து பிரித்துக் கேட்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் இதற்காகவே வேறு இடத்திலிருந்து மண் கொண்டுவந்து தொட்டி கட்டிச் சோதிப்பதுண்டு. நமக்கு அது காலுக்கடியில் கிடைக்கிறது.

மாணவர்கள் அந்தத் திடலில் போலி வெடிகளைப் புதைத்திருந்தார்கள். வெடிமருந்து எதுவும் கிடையாது. ஊறுகாய் டப்பா மூடி, மெழுகு, உள்ளே ஒரு சின்ன ஊசி. புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜானி என்ற வெடியின் அளவில் சில மரப்பெட்டிகள். முக்கியமான விஷயம், அவற்றைப் புதைத்துவிட்டு மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவைத்தார்கள். புதிதாகக் கிளறிய மண்ணில் வெடியைக் கண்டுபிடிப்பது சுலபம், மண்ணே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான வெடி பல மழைக்காலம் மண்ணுக்குள் கிடந்து இறுகிப்போனது. ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு அளவு, சித்திரை வெயிலில் ஒரு அளவு என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். எது எங்கே எந்த ஆழத்தில் என்ற பதிவோடு, பருவங்களை ஊறவிட்ட அப்படி ஒரு திடலைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வழித்துவிட்டால் மறுபடி முதல் மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜேசிபி தொடாத பாதி இன்னும் இருக்கிறது. அதையாவது விடுங்கள்.

அப்புறம், எதற்குக் கால்? சக்கரம் வைத்தால் போதாதா? இதை உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி.

சக்கரம் போகிற வழி முழுவதையும் மிதித்துக்கொண்டே போகும். கால் அப்படியில்லை. நட்ட வயலுக்குள் களை எடுக்கப் போகிற பெண்கள் நாற்றை மிதிக்காமல் இடம் பார்த்துக் கால் வைப்பார்களே, அப்படி வைக்க முடியும். முன்னால் நீட்டிய கை தரையைத் தேடிப் பார்க்கும். இங்கே எதுவும் இல்லை என்று பதிவான இடத்தில் மட்டும் கால் இறங்கும். ஆறு காலில் மூன்று எப்போதும் தரையில் ஊன்றியிருப்பதால் நின்று நிதானமாக யோசிக்கலாம், சாயாது. வரப்பு ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் உடம்பை மட்டமாக வைத்துக்கொள்ளும், அதனால் தேடும் தலை தரைக்கு மேல் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரம் கொஞ்சம் மாறினாலும் சின்ன வெடியின் சத்தம் தொலைந்துவிடும். பழைய பதுங்குகுழி, அறுந்த முள்வேலி, விழுந்த பனைமரம், புதர் எல்லாம் கிடக்கும் நிலம் அது. நம் ஊரணிக்கரையில் சீமைக்கருவேல முள்ளுக்குள் அந்த இயந்திரம் நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் போனது. மெதுவாகத்தான் போக வேண்டும்.

எடை விஷயத்தில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு தனி. எம்-14 பத்துப் பதினைந்து கிலோ அழுத்தத்தில் வெடிக்கும், சில வகை வெடிகளுக்கு ஐந்து கிலோவே போதும். முதலில் செய்த இயந்திரம் அறுபது கிலோ இருந்தது. மூன்று காலில் பங்கு போட்டால் காலுக்கு இருபது. அது மனிதன் மிதிப்பதற்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்த்து, அலுமினியத்தைக் கழற்றிவிட்டு நார் இழைக் குழாயில் காலை மறுபடி செய்தார்கள். பாதத்தில் அழுத்தம் அறியும் உணரி வைத்தார்கள். ஒரு கால் போனாலும் மிச்சக் கால்களோடு பின்வாங்கி வெளியே வரக் கற்றுக்கொடுத்தார்கள், கழன்ற காலை அரை மணி நேரத்தில் மாற்றலாம். காரைக்குடிப் பட்டறையில் கடைந்த பாகங்கள்தான் எல்லாம். இது கண்காட்சிக்குச் செய்த பொம்மை அல்ல என்பதை எடை எந்திரத்தின் முன்னால் அவர்கள் சண்டை போட்டதைப் பார்த்த எவரும் சொல்வார்கள்.

நம்மைவிடப் பெரியவர்களே முயன்று கைவிட்டார்கள் என்பது உங்கள் இன்னொரு காரணம். முயன்றார்கள், உண்மை. ஜப்பானில் சிபா பல்கலைக்கழகம் காமெட் என்ற ஆறுகால் இயந்திரங்களைச் செய்தது. தோக்கியோவில் ரோபோ ஆய்வாளர் ஷிகேயோ ஹிரோசே நான்குகால் டைட்டன் வரிசையில் வெடி அகற்றுவதற்கென்று ஒன்றைச் செய்தார். ஸ்பெயினில் சைலோ-6 என்ற ஆறுகால் இயந்திரம் வந்தது. இவை எதுவும் பெருமளவில் களத்துக்குப் போகவில்லை. எடை, விலை, மின்கலம் தாங்கும் நேரம், வேகம் என்று எல்லாமே தடையாக இருந்தன. ஆனால் அவர்கள் செய்த காலத்தில் இன்று கிடைக்கும் மோட்டாரும் மின்கலமும் கணினியும் இந்த விலையில் இல்லை. இலங்கையிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார, கீரியின் மோப்பத்தையும் ஒரு ரோபோவையும் சேர்த்து மிதிவெடி தேடிப் பார்த்தார். கம்போடியாவில் மகாவா என்ற எலி தன் பணிக்காலத்தில் 71 மிதிவெடிகளை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தது, அதற்கிடையில் பதக்கமும் வாங்கியது. எலியை நம்பி முதலீடு செய்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் எத்தனையோ பேர் இன்று இரண்டு காலோடு நடக்கிறார்கள்.

நம் மாணவர்கள் மனிதருக்குப் பதிலாக இயந்திரமே எல்லா வெடியையும் எடுத்துவிடும் என்று சொல்லவில்லை. சந்தேகத்துக்குரியது என்று வேலி போட்ட நிலத்தில் பெரும்பகுதியில் வெடியே இருக்காது. எது வெறும் நிலம், வெடி எந்த வரிசையில் தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்காக முதலில் உள்ளே போய்ப் பார்த்து வருவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. எடுப்பது தேர்ந்த மனிதக் கைகள்தான். இந்த அளவான லட்சியம் நிறைவேறக்கூடியது என்று களத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஊரின் தேவை என்று பேசுகிறீர்கள். 1948-ல் காரைக்குடியில் மின்வேதியியலுக்கு என்ன தேவை இருந்தது? அன்றைக்கு இங்கே எந்தத் தொழிற்சாலை அதைக் கேட்டது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. இன்று மின்கல ஆராய்ச்சியில் நாடறிந்த இடம் அது, உங்கள் கல்லூரியிலிருந்து பேருந்தில் போய்விடலாம். இந்த இயந்திரத்தின் பெரிய குறையே மின்கலம் சீக்கிரம் தீர்வதுதான். உதவி கேட்டு அங்கே ஒரு கடிதம்கூட நிர்வாகத்தின் பெயரில் போகவில்லை. மாணவர்கள் எழுதித் தந்த கடிதம் கையெழுத்துக்காக உங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது.

வேலைவாய்ப்பு பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. கட்டணம் கட்டும் பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் காலை மூட்டு மூட்டாக வடிவமைத்து, உணரியைப் படித்து, மண்ணை அளந்து, தப்பான இடத்தைத் திருத்தி மறுபடி செய்த மாணவனை எந்த நிறுவனம் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? தட்டு எடுத்துச் செல்லும் ரோபோவைச் செய்யக் கற்றவனைவிட இவனுக்குக் கூடத்தான் தெரியும்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். திடலில் மிச்சமிருக்கும் பாதியை இந்த வாரமே வேலியிட்டுக் காப்பாற்றுங்கள். ஜேசிபி மறுபடி வந்தால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. வண்டி நிறுத்த முன்வாசல் பக்கம் இடம் இருக்கிறது. கலைத்த குழுவை மறுபடி கூட்டுங்கள், இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே திட்டப்பணியாக ஏற்று மதிப்பெண் கொடுங்கள். சாமான் அறையில் குவித்து வைத்திருக்கும் இயந்திரத்தையும் அளவு நோட்டுகளையும் சேதமில்லாமல் அவர்களிடம் ஒப்படையுங்கள். அந்த நோட்டுகள் குப்பைக்குப் போய்விடக் கூடாது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கான கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

முகாமில் பிறந்த அந்தப் பெண்ணின் பெயரை, குழு கலந்துகொள்ளவிருந்த போட்டிக்கான பட்டியலிலிருந்து ஆவணச் சிக்கல் என்று சொல்லி எடுத்துவிட்டீர்கள். அதற்கு வேண்டிய ஆவணம் எதுவென்று எழுத்தில் கொடுங்கள், முகாம் பொறுப்பு அதிகாரியிடம் நானே அவளோடு போகிறேன். அவள் இல்லாத குழு இந்த வேலையைச் செய்யத் தகுதியான குழுவாக இருக்காது. வட மாகாணத்தில் வெடி அகற்றும் பெண்களில் ஒருவரையாவது இணையவழியில் அழைத்து, இந்த இயந்திரத்தைக் காட்டி, அவர்கள் சொல்கிற குறைகளை மாணவர்கள் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். வடிவமைப்பு முடிந்ததும் காப்புரிமை என்று பூட்டி வைக்காமல், தேவைப்படும் நாட்டவர் யாரும் எடுத்துச் செய்துகொள்ள விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் இல்லை என்றால் எவ்வளவு குறைகிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்களும் பழைய மாணவர்களும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களும் சேர்ந்து முடிந்ததைச் செய்கிறோம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மாணவர்களில் இருவரையும் என்னையும் அரை மணி நேரம் பேச அனுமதியுங்கள். கூட்டத்தின் தேதியை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர் படை வீரர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்